பிராங்பர்ட்டில் இருந்து பாரிஸுக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

கேள்வி: கரூரில் இருந்து படுக்கை விரிப்பும் துண்டும் ஏற்றுமதி செய்கிறேன். வரும் ஜனவரியில் பிராங்பர்ட் ஹைம்டெக்ஸ்டில் ஜவுளிக் கண்காட்சி முடிந்த மறுநாள், காலை 11 மணிக்குப் பாரிஸ் நகருக்குள் சரக்கு வாங்கும் பையர் ஒருவரைச் சந்திக்க வேண்டும். இடைத்தொலைவு 450 கி.மீ. என்கிறார் ஒருவர், 480 என்றும் 570 என்றும் மற்றவர்கள் சொல்கிறார்கள். எது சரி? விமானம் ஒன்றேகால் மணி நேரம்தான் என்பதால் அன்று காலை புறப்பட்டால் போதுமா?
- ஏற்றுமதியாளர் ஒருவர், வெண்ணெய்மலை

பதில்: மூன்றுமே சரிதான். பிராங்பர்ட் விமான நிலையத்துக்கும் பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்துக்கும் நேர்க்கோட்டில் சுமார் 450 கி.மீ.; நகர மையங்களுக்கு இடையே அளந்தால் சுமார் 480; சாலையில் போனால் ஏறக்குறைய 570. கோவைக்கும் சென்னைக்கும் வானில் சுமார் 400 கி.மீ.தான் என்றாலும், சேலம் வழியாகக் காரில் போகிறவருக்கு 500 கி.மீ.க்கு மேல் ஆகிவிடுவதைப் போன்றதுதான் இதுவும்.

டிக்கெட்டில் உள்ள ஒன்றேகால் மணி நேரம் முழுவதும் பறக்கும் நேரம் அன்று. விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, பாரிஸில் நிற்குமிடத்தை அடையும் வரை கணக்கிட்ட நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் இதில் அடங்கும். இரு நகரங்களிலும் கடிகாரம் ஒன்றே என்பதால் நேரத்தைக் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை. மேலைக்காற்றை எதிர்த்துப் போவதால், திரும்பி வருவதைவிடப் போவதற்குச் சில நிமிடங்கள் கூடலாம்.

உங்கள் 11 மணிக்கு உண்மையில் குறுக்கே நிற்பவை விமானத்துக்கு முன்னும் பின்னும் உள்ள நேரங்களே. சாம்பிள் பெட்டியை லக்கேஜில் போடுகிறவர் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவாவது விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இறங்கிய பிறகு பெட்டி வரக் காத்திருந்து, நகரில் இருந்து 25 கி.மீ. வெளியே உள்ள நிலையத்தில் இருந்து புறநகர் ரயிலில் உள்ளே வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆக, ஓட்டல் வாசலில் இருந்து பையர் வாசல் வரை நான்கரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் இதுவும் உறுதியில்லை: இரவில் இறக்கைகளில் படிந்த உறைபனியை, உயர்த்தும் மேடை கொண்ட வண்டியில் இருந்து சூடான திரவத்தைப் பீய்ச்சி அகற்றிய பிறகே விமானம் மேலெழ முடியும், அதற்கு வரிசையில் காத்திருக்கவும் நேரும்.

ஆகவே ரயிலே உங்களுக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. பிராங்பர்ட் மத்திய நிலையம் கண்காட்சி வளாகத்துக்கு அருகிலேயே இருக்கிறது. நேரடி அதிவேக ரயில் சுமார் 4 மணி நேரத்தில், பாரிஸ் நகருக்குள்ளேயே இருக்கும் கார் து லெஸ்ட் நிலையத்தில் இறக்கிவிடும். பிரெஞ்சு அதிவேகப் பாதையில் மணிக்கு 320 கி.மீ. வரை ஓடுகிறது. டவல் கட்டுகள் அடங்கிய பெட்டியை எடைபோடச் சொல்ல அங்கே ஆளில்லை. ஆனால் ஏற்றி இறக்குவது உங்கள் கையில்தான், எனவே சக்கரம் உள்ள பெட்டியாக எடுத்துச் செல்லுங்கள். கண்காட்சி முடிந்த அன்று மாலையே ஏறி, இரவு பாரிஸில் தங்கிவிட்டால், காலை 11 மணிச் சந்திப்புக்குப் பதற்றமில்லாமல் போய்ச் சேரலாம்.

இரு நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். நீங்கள் அதிக நாள் தங்குவது ஜெர்மனியில் என்பதால் விண்ணப்பத்தை அந்த நாட்டுக்கே கொடுங்கள்.