ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பைக் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 58 வயது. கல்லூரியில் எங்கள் சீனியர் ஒருவர் புல்லட்டில் வருவார். அன்றைக்குப் பிடித்த ஆசை. வேலை, கல்யாணம், பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன் என்று ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றதில் அது பின்னால் போய்க்கொண்டே இருந்தது. இத்தனை வருடமும் ஸ்கூட்டரும் காரும்தான். இப்போது கடன் முடிந்துவிட்டது, கையில் பணமும் இருக்கிறது. வீட்டில் சொன்னால் மகன் சிரிக்கிறான். மனைவி, "விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் யார் பார்ப்பது?" என்கிறார். நீங்களும் ஐம்பதுக்கு மேல்தான் பைக் வாங்கியதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். இது அசட்டுத்தனமா? வாங்குவதென்றால் அந்தப் பழைய மாடலையே தேடிப் பிடிப்பதா, புதிதா?

ச.

அன்புள்ள ச.,

வாங்குங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதைப் படித்தால் உங்கள் வீட்டார் பக்கம் சேர்ந்துவிட்டேனோ என்று தோன்றும். மகன் சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் உங்கள் மனைவி கேட்டது நல்ல கேள்வி, அதற்குப் பதில் தயார் செய்துகொள்ளாமல் ஷோரூம் படி ஏறாதீர்கள்.

நான் வாங்கியபோது எனக்கு 54. வாங்கிய இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கீழே போட்டேன். வேகமாகப் போய் விழுந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஒரு கதை இருந்திருக்கும். நின்றுகொண்டிருந்தபோது விழுந்தேன். ஒரு லாரிக்கு வழிவிட ஓரம் கட்டி இடது காலை ஊன்றினேன், ஊன்றிய இடத்தில் தரை நான்கு விரற்கடை பள்ளம், அவ்வளவுதான். வண்டி சாயத் தொடங்கிக் கொஞ்ச தூரம் வரை பிடித்துவிடலாம் என்றுதான் இருக்கும், அதைத் தாண்டியதும் மல்லுக்கட்டிப் பயனில்லை, மெதுவாக, மரியாதையாகக் கீழே படுக்க வைக்கத்தான் முடியும். நான் மல்லுக்கட்டினேன். தோள்பட்டை ஆறு வாரம் வலித்தது. தூக்கிவிட வந்த ஒரு பையன்தான் சொல்லிக்கொடுத்தான்: வண்டியைப் பார்த்துக் குனிந்து தூக்கக் கூடாது, கியரில் போட்டுவிட்டு, திரும்பி நின்று, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து, கால் பலத்தில் பின்னோக்கிச் சின்னச் சின்ன அடியாக நடக்க வேண்டும். இருபது வயதுப் பையனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது.

யோசித்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. என் கையும் காலும் நினைவில் வைத்திருந்தது கல்லூரியில் நண்பனிடம் இரவல் வாங்கி ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100. அது நூறு கிலோவை ஒட்டி எடை, சாய்ந்தால் தொடையாலேயே நிமிர்த்திவிடலாம். புல்லட் கம்பெனியான ராயல் என்ஃபீல்டின் இன்றைய கிளாசிக் 350 கிட்டத்தட்ட 195 கிலோ, சீட் உயரம் 805 மில்லிமீட்டர். நம் வயதில் பைக் வாங்குகிறவன் தனக்கு ஓட்டத் தெரியும் என்றுதான் நினைக்கிறான். தெரியும்தான், வேறொரு வண்டியை, வேறொரு முழங்காலோடு.

இதை நானாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில், லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் நடந்த சுமார் 900 பைக் விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய்ப் பார்த்து 1981இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பழைய அறிக்கைதான், சாலையும் வண்டியும் அப்புறம் எவ்வளவோ மாறிவிட்டன, இருந்தாலும் அதிலுள்ள ஒரு விஷயத்தை நான் மறப்பதில்லை. விபத்தில் சிக்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகாதவர்கள். ஓட்டிய அனுபவம் என்று பார்த்தால் அவர்களுக்கு வருடக்கணக்கில் இருந்தது. நூற்றுக்கு 92 பேர் தானாகவோ வீட்டாரிடமோ நண்பரிடமோ கற்றுக்கொண்டவர்கள். நானும் அப்படித்தான், நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள்.

ஆகவே முதல் ஐந்து மாதம் உங்களைப் புது ஓட்டுநர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முறையாகச் சொல்லித்தருகிறவர் கிடைத்தால் வெட்கப்படாமல் போய்ச் சேருங்கள். கிடைக்காவிட்டால் ஒரு காலி மைதானம் போதும். பாதி கிளட்ச், லேசாகப் பின் பிரேக், நடக்கிற வேகத்தில் எட்டுப் போடுங்கள். பெரிய வண்டி நம்மைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்த வேகத்தில்தான். அடுத்தது முன் பிரேக். ஸ்கூட்டரிலேயே பழகிய நிறையப் பேருக்கு அதைத் தொடவே பயம், ஆனால் பிரேக் போட்டதும் எடை முன் சக்கரத்துக்குப் போய்விடுவதால் வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு அதனுடையது. வெடுக்கென்று பிடிக்காமல், எலுமிச்சை பிழிகிற மாதிரி அழுத்திக்கொண்டே போக வேண்டும். பிரேக்கை அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் இருக்கிற வண்டியாகவே வாங்குங்கள்.

கண்ணையும் சோதித்துவிடுங்கள். எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடித்த பிறகு பார்வை தெளிய, வயதாக ஆகக் கூடுதல் நேரம் பிடிக்கும். நான் இருட்டினால் ஓட்டுவதில்லை. ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய மாடலா என்று கேட்டீர்கள். வேண்டாம். பழைய புல்லட்டில் இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறாக, கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நிதானமாகப் போகும்போது பழகிவிட்டதாகத்தான் இருக்கும். திடீரென்று குறுக்கே ஒருவர் வந்தால் கால் பழைய பழக்கத்துக்கே போகும், நீங்கள் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பீர்கள். ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, இன்ஜினுக்குள் அழுத்தத்தைத் தளர்த்தும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை உதைத்துக் கிளப்புவதில் ஓர் அழகு இருக்கிறது, மறுக்கவில்லை. உதை திருப்பி அடித்தால் கணுக்கால் கேள்வி கேட்கும். அந்தச் சீனியருக்கு அப்போது 21 வயது.

வீட்டில் சொல்லாத ஒன்றையும் உங்களிடம் சொல்கிறேன். முதல் மாதம் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இருபது வயதில் நான் ஆசைப்பட்டது பைக்கில் போவதற்கு அல்ல, பைக்கில் போகும் என்னை நாலு பேர் பார்ப்பதற்கு. இப்போது ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு கடைக் கண்ணாடியில் நானே பார்த்தேன், தொப்பை வைத்த ஒரு கனவான் கவனமாகப் போய்க்கொண்டிருந்தார். பிறகு எப்போது என்று சரியாகத் தெரியவில்லை, ஒரு வளைவில் கியரைக் குறைத்து, வளைவு முடியும் இடத்தை மட்டும் பார்த்தபடி திரும்பி வெளியே வந்தபோது, யாருமே பார்க்காதது எவ்வளவு வசதி என்று பட்டது. காரில் போகும்போது எனக்குள் யாரோடாவது வாக்குவாதம் ஓடிக்கொண்டே இருக்கும். பைக்கில் அதற்கு நேரமில்லை, சாலையில் மணல் கிடக்கிறதா என்று பார்க்கவே சரியாக இருக்கிறது.

வாங்கப் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பின் சீட்டில் உட்கார வைத்துப் பாருங்கள், அவருக்கும் முழங்கால் உண்டு. அவர் முன்னாலேயே வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி வந்ததும் எழுதுங்கள். முதல் தடவை கீழே போட்டதும் அதையும் எழுதுங்கள்.