கவனத்துல என்ன கனிவு?

கேள்வி: ரயில்வே ஸ்டேஷன்ல "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ன்னு சொல்றாங்களே, கவனம் எப்படிங்க கனிவா இருக்கும்?
- வாசகி, விழுப்புரம்

பதில்: நியாயமான கேள்வி. கனிவான பேச்சு, கனிவான பார்வைன்னு சொல்வோம், கனிவா கவனின்னு வீட்ல யாரும் பிள்ளைகிட்ட சொல்றதில்ல. இந்தி அறிவிப்புல "யாத்ரீகண் க்ருபயா த்யான் தே"ன்னு வருது பாருங்க, அதாவது பயணிகளே தயவுசெஞ்சு கவனிங்க, பணிவு முழுக்க அறிவிக்கிறவங்க பக்கம். தமிழ்லயோ அது பயணியோட கவனத்து மேல ஏறி உக்காந்துக்கிச்சு. ஆபீஸ் லெட்டர்ல 'யுவர் கைண்ட் அட்டென்ஷன்'னு எழுதுவாங்களே, அந்த வாசனைதான்னு எனக்குப் படுது. "பயணிகள் தயவுசெய்து கவனிக்கவும்"னு மாத்தணும், காது பழகிப்போச்சுங்கறதுக்காக விட்டுடக் கூடாது.

கேள்வி: ஊர் பேரு வர்ற இடத்துல குரல் ஏன் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கு?
- வாசகர், சேலம்

பதில்: ஒட்டுப்போட்டதுதாங்க. ஊர் பேரு, நம்பர், "வந்து சேரும்" எல்லாத்தையும் தனித்தனியா ரெக்கார்ட் பண்ணி வச்சு கம்ப்யூட்டர் கோத்து விடுது. பாண்டியன் எக்ஸ்பிரஸை ஒன்று, இரண்டு, ஆறு, மூன்று, ஏழுன்னு சொல்றப்ப கேளுங்க, பத்து எண்ணை ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தா எந்த வண்டி நம்பரையும் சொல்லிடலாம், 2010 டிசம்பர்ல நாலு இலக்கம் அஞ்சானப்பவும் புதுசா எண் எதுவும் தேவைப்பட்டிருக்காது. ஆனா ஊர் பேர்லதான் தமிழ் படுத்தும். உங்க ஊரையே எடுத்துக்கோங்க, 'சேலம்'கூட 'இலிருந்து'வ அப்படியே ஒட்டினா சேலமிலிருந்துன்னு வரும், நாம சொல்றது சேலத்திலிருந்து, ஈரோடுன்னா ஈரோட்டிலிருந்து, மதுரைன்னா மதுரையிலிருந்து, ஒவ்வொரு பேரும் ஒவ்வொரு மாதிரி வளையுது. அதனால ஒவ்வொரு ஊரையும் ரெண்டு மூணு விதமா பேசி ரெக்கார்ட் பண்ணணும், இல்லன்னா "சேலம் வழியாக", "ஈரோடு வரை"ன்னு பேரைத் தொடாத சொல்லா பாத்துப் போடணும். எழுதிக் குடுக்குறவங்க தமிழை வாய்விட்டுப் பேசிப் பாத்துட்டு எழுதினா இதெல்லாம் சரியாயிடும்.

கேள்வி: போர்டுலதான் எல்லாம் ஓடுதே, அறிவிப்பு எதுக்கு?
- வாசகர், ஆவடி

பதில்: அப்படி நினைச்சுதான் 2023 பிப்ரவரி கடைசியில சென்னை சென்ட்ரல்ல நிறுத்திப் பாத்தாங்க. கண் தெரியாதவங்க போர்டை எப்படிப் படிப்பாங்க? எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெரியவர், போர்டுல தமிழ் வந்து மறையறதுக்குள்ள பிளாட்பாரம் நம்பரைப் பிடிக்க முடியுமா? அறிவிப்பு வேணும்ங்க.