மழை லீவு விட்டா பசங்கள வீட்டுக்குள்ள எப்படி சமாளிக்கிறது?

சின்ன ஊரு, மால் கிடையாது, ப்ளே ஏரியா கிடையாது, மழைக்கு லீவு விட்டா ரெண்டு பசங்களையும் போன் குடுக்காம எப்படி மேய்க்கிறதுன்னு கேட்டிருக்கீங்க. நான் கடலூர்ங்க, மஞ்சக்குப்பம் பக்கம். ஐப்பசி கார்த்திகைல கலெக்டர் லீவு விட்டாரா விடலையான்னு காலங்காத்தால டிவிய பாத்துட்டு உக்காந்திருக்குற ஊரு, வங்கக்கடல்ல காத்தழுத்தம்னு நியூஸ்ல சொன்னாலே எங்களுக்கு வயித்துல புளியக் கரைக்கும், அதனால இந்த விஷயத்துல நமக்கு சர்வீஸ் ஜாஸ்தி. வீட்ல நாலாவது படிக்கிற பொண்ணு, ஒண்ணாவது படிக்கிற பையன், கூட பக்கத்து வீட்டு வாலு ஒண்ணு, லீவுன்னா அது இங்கதான் குடியிருக்கும்.

கடைல வாங்குற போர்டு கேம் எல்லாம் அரை மணி நேரம்தான் தாங்கும். அப்புறம் ஒரு காய் சோபாவுக்கு அடில போயிடும், நீதான் ஒளிச்ச, இல்ல நீதான்னு சண்டை. நேரம் எதுல ஓடும்னா, விளையாட்டுச் சாமானையே நீங்களே செஞ்சுக்கங்கன்னு விட்டுடணும். ஆடுறத விட செய்யுறதுக்குத்தான் பொழுது போகும், நமக்கு வேண்டியதும் அதானங்க.

தாயம் எடுத்துக்கங்க. பித்தளை தாயக்கட்டை எல்லாம் வேணாம், புளிப்பானையத் துழாவுனா கொட்டை கெடைக்கும், ஆறு கொட்டைய எடுத்து ஒரு பக்கம் மட்டும் தோல் போயி உள்ள வெள்ளை தெரியுற வரைக்கும் தேய்க்கணும். டைல்ஸ் தரைல தேய்ச்சா வழுக்கிட்டு ஓடும், ஒண்ணும் நடக்காது. சிமெண்ட் படி, அம்மிக்கல்லு, ஆட்டுக்கல்லோட பக்கவாட்டு, இந்த மாதிரி சொரசொரப்பு வேணும். ஒரு கொட்டைக்கே கை வலிச்சுடும், ஆள மாத்தி ஆள் தேய்ப்பாங்க, ஆறும் முடியுறதுக்குள்ள நான் குழம்பு வச்சு எறக்கிடுவேன். ஒரே ஒரு எச்சரிக்கை, வேகமா தேய்ச்ச கொட்டை நல்லா சூடாயிடும், அத அடுத்தவன் தொடைல வச்சு சூடு போடுறது நம்ம காலத்துலயே உண்டு, யாரும் சொல்லிக் குடுக்காமலேயே இதுங்களும் அதக் கண்டுபுடிச்சுடும். மூணாவது கொட்டை வரும்போதே "அம்மா, இவ சுட்டுட்டா"ன்னு கத்தல் வரும், ரெடியா இருங்க.

கட்டத்த பழைய மாதக் காலண்டரோட பின்பக்கம் ஸ்கெட்ச்சுல போட்டுக்கலாம், மழைல ஈரம் ஏறுன தரைல சாக்பீஸ் புடிக்காது. குலுக்கிப் போட்டா ஒரு வெள்ளை மட்டும் மேல வந்தா தாயம், எல்லாம் வெள்ளைன்னா ஆறு, ஒரு வெள்ளையும் இல்லன்னா பன்னெண்டு. தாயம் விழுந்தாதான் காய எறக்க முடியும். என் பையன் தாயம் விழலன்னு அழுது ஊர கூட்டுவான், பொண்ணுக்கு நோட்டு குடுத்து என்ன என்ன விழுதுன்னு கோடு போட்டு வைக்கச் சொன்னேன். மூணுதான் அதிகமா விழுந்துது. ஆறு கொட்டை விழக்கூடிய விதம் மொத்தம் 64, அதுல தாயம் 6, மூணு 20, பன்னெண்டு வெறும் 1. கொட்டை கோணல்மாணலா இருக்குறதால அப்படியே அச்சா வராது, ஆனா யாரும் ஏமாத்தலன்னு பையனுக்குப் புரிய வைக்க அது போதும். புரிஞ்சதும் அழுகை நிக்கல, அது வேற விஷயம்.

பல்லாங்குழியும் ஆடுபுலியும் எங்க ஆயா டிபார்ட்மெண்ட், அதாவது என் மாமியார். மூணு புலி, பதினஞ்சு ஆடு, ஆயா எப்பவும் ஆடுதான் எடுப்பாங்க, பேத்தியோட புலிய மூலைல கட்டிப்போட்டுட்டு வெத்தல போடப் போயிடுவாங்க. வீட்ல பெரியவங்க இருந்தா இத அவங்ககிட்டயே விட்டுடுங்க, நடுவுல பூந்து ரூல்ஸ் சொல்லாதீங்க. ஆடிக்கிட்டே 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்ப பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்ச கதையெல்லாம் வரும், பசங்க ஆட்டத்த விட்டுட்டு கேக்கும்.

எனக்கு ரொம்பப் புடிச்சது மழை அளக்குறது. மேலருந்து கீழ ஒரே அகலமா நேரா இருக்குற ப்ளாஸ்டிக் பாட்டில் வேணும், இடுப்பு ஒடுங்குன பாட்டில் ஆகாது. மேல்பக்கம் சரிய ஆரம்பிக்கிற எடத்துல வெட்டி, வெட்டுன தலைய கவுத்து புனல் மாதிரி உள்ள சொருகணும், வெட்டுறது நீங்க, மத்தது அவங்க. அடில குண்டும் குழியுமா இருக்கும்ல, அங்க கூழாங்கல்லு போட்டு நேரா இருக்குற பகுதி வரைக்கும் தண்ணி ஊத்தி அதுதான் சைபர்னு கோடு போடணும், அங்கருந்து ஸ்கேல ஒட்டணும். மொட்டை மாடில கைப்பிடிச் சுவர விட்டுத் தள்ளி நாலு செங்கல்லு நடுவுல வச்சுடுங்க. வானிலை ஆபீஸ்ல காலைல எட்டரைக்கு எட்டரை கணக்கு, நீங்களும் அதே நேரத்துக்குப் பாருங்க. இடி இருந்தா யாரும் மேல போகக் கூடாது, கீழ உக்காந்து மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவுல எத்தன செகண்டுன்னு எண்ணி மூணால வகுத்தா எத்தன கிலோமீட்டர்ல இடிக்குதுன்னு தெரியும், அதுவும் ஒரு விளையாட்டுதான்.

நம்ம பாட்டில் கணக்கும் நியூஸ்ல கடலூருக்கு சொல்ற கணக்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போச்சுன்னா என் பொண்ணுக்கு கலெக்டர் ஆன மாதிரி. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி கிட்ட கரைய கடந்தப்போ அங்க ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் கிட்ட பெஞ்சுதுல்ல, கதவுல அந்த உயரத்துக்கு பென்சில்ல கோடு போட்டு தம்பிய நிக்க வச்சுப் பாத்தா, முட்டிக்கும் மேல. இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணி. ஆயிரம் சதுர அடி மாடில பத்து சென்டிமீட்டர் பெஞ்சா 9000 லிட்டருக்கு மேல. "அப்புறம் ஏம்மா நாம கேன் தண்ணி வாங்குறோம்?"னு பொண்ணு கேட்டா. அவங்க அப்பா பதில் சொல்லுவார்னு அனுப்பி வச்சுட்டேன்.

கப்பல் விடுறத மட்டும் தெருத்தண்ணில விடாதீங்க, சாக்கடையும் அதுவும் ஒண்ணாதான் வரும், கரண்ட் கம்பி பயம் வேற. பாத்ரூம் டப்புல விடட்டும், மெழுகுவர்த்திய காகிதத்துல அழுத்தித் தேய்ச்சுட்டு மடிச்சா சீக்கிரம் ஊறாது.

பத்தாவது, பதினொண்ணாவது பசங்க இருந்தா இதுக்கெல்லாம் மசிய மாட்டாங்க, கிண்டல்தான் பண்ணுவாங்க. ஒரு மொறம் காஞ்ச மல்லாட்டைய, அதாங்க வேர்க்கடலைய, முன்னாடி வச்சு, உரிச்சு முடிச்சாதான் இன்வெர்ட்டர்ல போன் சார்ஜ் போடலாம்னு சொல்லிடுங்க. பாதிய தின்னுடுவாங்க, அதையும் கணக்குல சேத்தே மொறத்த ரொப்புங்க.