எக்ஸ்பாக்ஸ் அடாப்டரில் விளக்கு எரியவில்லையா?
மன்னார்குடி நண்பரே, கரண்ட் போய் வந்ததிலிருந்து எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம் பெட்டியின் அடாப்டரில் விளக்கு எரியவில்லை, விற்றுவிட்டு பவர் சப்ளை உள்ளேயே இருக்கும் ஒன் எஸ் மாடலை வாங்கலாமா என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அடாப்டர் வயரைச் சுவரிலிருந்தும் பெட்டியிலிருந்தும் கழற்றி, பத்து நொடி விட்டு, ஸ்பைக் பஸ்டர் இல்லாமல் நேராகச் சுவர் பாயிண்டில் செருகுங்கள். அடாப்டருக்குள்ளேயே சர்ஜ் பாதுகாப்பு, அதாவது மின்சாரம் திடீரென எகிறினால் காக்கும் அமைப்பு, இருக்கிறது. அது கட் ஆகியிருந்தால் இதிலேயே மீளும். வெள்ளையோ ஆரஞ்சோ எரிந்தால் பிழைத்தது. எரியாவிட்டால் அடாப்டரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும். ஒன் எஸ்ஸில் இதே பழுது வந்தால் பெட்டியையே பிரிக்க வேண்டும். பம்புசெட் ஓடும் நேரமெல்லாம் வோல்டேஜ் ஆடும் நம் டெல்டாவில் நான் வெளி அடாப்டரைத்தான் விரும்புவேன். அப்புறம், மாற்று வாங்கும்போது ஸ்டிக்கரைப் பாருங்கள்: இன்புட் 100-127 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம்மூர் 230-க்கு ஆகாது.