பெரிய கால்பந்து கிளப்புகளில் வெளிநாட்டு வீரர்களுக்கு வரம்பு வேண்டுமா?

ஐரோப்பாவின் முதல்நிலை லீக்குகளில் பல கிளப்புகளைப் பார்த்தால் சொந்த நாட்டு வீரர்களைவிட வெளிநாட்டவர்தான் அதிகம். இது உள்நாட்டுப் பையன்களின் வாய்ப்பைப் பறிக்கிறதா, வெளிநாட்டு வீரர்களுக்கு ஒரு வரம்பு வைத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாய்ப்பு பறிபோவது உண்மை. ஆனால் வரம்பு வைத்தால் அது திரும்பக் கிடைத்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில், வரம்பு என்பது ஏற்கெனவே செய்து பார்த்த விஷயம். இங்கிலாந்தில் 1931-லிருந்து 1978 வரை வெளிநாட்டுத் தொழில்முறை வீரர்களுக்குக் கதவு ஏறக்குறைய மூடியே இருந்தது. முதல் டிவிஷனில் ஆடியவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்துக்காரர்கள். வெளிநாட்டவர் வருவதால்தான் தேசிய அணி கெடுகிறது என்றால், அந்தக் காலத்தில் இங்கிலாந்து கொடிகட்டிப் பறந்திருக்க வேண்டும். 1966-ல் சொந்த மண்ணில் உலகக் கோப்பையை வென்றது, சரி. அப்புறம்? 1974, 1978 இரண்டு உலகக் கோப்பைகளுக்கும் தகுதியே பெறவில்லை. மாறாக, இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக் வெளிநாட்டு வீரர்களால் நிரம்பி வழிந்த 2017-ல் இருபது வயதுக்குட்பட்டோர், பதினேழு வயதுக்குட்பட்டோர் என்று இரண்டு உலகக் கோப்பைகளையும் இங்கிலாந்துப் பையன்கள் ஒரே ஆண்டில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

இத்தாலியில் கதை இன்னும் குழப்பம். 1966-ல் வட கொரியாவிடம் தோற்ற அவமானத்தில் வெளிநாட்டு வீரர்களை வாங்கத் தடை போட்டார்கள். 1970-ல் இறுதிப் போட்டி வரை போனார்கள், 1974-ல் முதல் சுற்றோடு வீடு திரும்பினார்கள். 1980-ல் தடை தளர்ந்தது, 1982-ல் உலகக் கோப்பை கைக்கு வந்தது. எதிர்த் தரப்பு எப்போதும் எடுத்துக்காட்டுவது 2010. அந்த ஆண்டு மே மாதம் இன்டர் மிலான், ஐரோப்பியக் கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி ஆட்டத்தைத் தொடங்கிய பதினொரு பேரில் ஓர் இத்தாலியர்கூட இல்லை. அடுத்த மாதம் தென்னாப்பிரிக்காவில் இத்தாலி தன் பிரிவில் கடைசி இடம். பார்க்க வலிக்கிற ஒற்றுமைதான். ஆனால் ஒரே கிளப்பை வைத்து ஒரு நாட்டின் சரிவை விளக்கிவிட முடியாது.

கிளப்புகளுக்கு அந்த வரம்பு எப்படி இருந்தது என்பதற்கு 1994 நவம்பரில் பார்சிலோனாவில் நடந்த ஆட்டத்தைப் பார்க்கலாம். அப்போது ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் போட்டிகளில் மூன்று வெளிநாட்டவர், அதோடு அந்த நாட்டிலேயே ஆடிப் பழகியவர்கள் இரண்டு பேர், அவ்வளவுதான் அனுமதி. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்களும் வெளிநாட்டவர் கணக்கு. கணக்கை எப்படிப் போட்டாலும் யாரோ ஒருவரை வெளியே வைக்க வேண்டும். மேனேஜர் அலெக்ஸ் பெர்குசன் வெளியே வைத்தது பீட்டர் ஷ்மைக்கேலை! உலகின் மிகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர் பார்வையாளராக உட்கார்ந்திருக்க, எதிரே ரொமாரியோவும் ஸ்டோய்ச்கோவும். முடிவு 4-0. மேனேஜர் அணியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆட்டத்தைப் பற்றி யோசிக்காமல் பாஸ்போர்ட்டைப் புரட்ட வேண்டியிருந்தது.

1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மேன் வழக்கில் தீர்ப்பு சொன்னதும் இது முடிவுக்கு வந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் பிரான்சிலிருக்கும் டன்கெர்க்குக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்டவர் ஜான்-மார்க் போஸ்மேன். ஒப்பந்தம் முடிந்த வீரருக்குக் கிளப் விலை கேட்கக் கூடாது, ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு நாட்டின் பெயரால் எண்ணிக்கை வரம்பு வைக்கக் கூடாது என்று தீர்ப்பு இரண்டையும் சேர்த்தே உடைத்தது. வேலை செய்பவர் எங்கே வேலை செய்வது என்பது அவர் உரிமை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஆனால் தீர்ப்புக்குப் பின் இழந்தது என்ன என்பதையும் மறைக்கக் கூடாது. 1967-ல் ஐரோப்பியக் கோப்பையை (சாம்பியன்ஸ் லீக்கின் பழைய பெயர்) வென்ற செல்டிக் அணியில் எல்லோருமே கிளாஸ்கோவில் அவர்களுடைய மைதானத்திலிருந்து முப்பது மைல் சுற்றளவில் பிறந்தவர்கள். 1986-ல் வென்ற ஸ்டாவுவா புக்கரெஸ்ட் அணியில் அத்தனை பேரும் ருமேனியர்கள். 1995-ல் அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அயாக்ஸ் ஏசி மிலானைத் தோற்கடித்தபோது கோல் போட்ட கிளைவர்ட்டுக்கு வயது பதினெட்டு, ஆம்ஸ்டர்டாமில் பிறந்து அயாக்ஸின் அகாடமியில், அதாவது கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளியில், வளர்ந்த பையன். அடுத்த இரண்டு ஆண்டுகளில் டேவிட்ஸ், ரைசிகர், கிளைவர்ட் மூவரும் ஒப்பந்தம் முடிந்து, அதே மிலானுக்கே சும்மா போய்விட்டார்கள். பத்து வருடம் வளர்த்த கிளப்புக்கு ஒரு காசு இல்லை. பணக்கார லீக்குகளுக்கு வெளியே இருக்கும் கிளப்புகள் அதிலிருந்து இன்னும் மீளவில்லை. வெளிநாட்டு வீரர் பிரச்சினை என்று நாம் பேசுவதில் பாதி இந்தப் பணப் பிரச்சினைதான்.

பழைய வரம்பு போனதும் யூஃபா வேறு வழியில் வந்தது. 2006-07 சீசனில் தொடங்கி படிப்படியாக, இருபத்தைந்து பேர் கொண்ட பட்டியலில் எட்டு பேர் உள்ளூரில் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். பிரீமியர் லீக் 2010-லிருந்து தன் பங்குக்கு ஒன்று வைத்தது: பட்டியலில் உள்ளூரில் வளராதவர்கள் பதினேழு பேருக்கு மேல் கூடாது. இங்கே நாட்டுரிமை கேட்கப்படுவதே இல்லை. இளவயதில் மூன்று சீசன் அந்த நாட்டுக் கிளப்பில் பதிவாகியிருந்தால் போதும். அதனால்தான் பதினாறு வயதில் பார்சிலோனாவிலிருந்து ஆர்சனலுக்கு வந்த செஸ்க் ஃபாப்ரெகாஸ், பின்னாளில் செல்சிக்கு வந்தபோது இங்கிலாந்தின் கணக்கில் உள்ளூர் வீரர். லிஸ்பனில் ஸ்போர்ட்டிங் கிளப்பில் வளர்ந்த எரிக் டையர், இங்கிலாந்து தேசிய அணிக்கே ஆடினாலும் அந்தக் கணக்கில் உள்ளூர் வீரர் இல்லை. பலர் இதைக் கேலி செய்வார்கள். எனக்கு இந்த வரையறை பிடித்திருக்கிறது. பதின்மூன்று வயதில் ரொசாரியோவிலிருந்து வந்த மெஸ்ஸியைப் பார்சிலோனாவின் பிள்ளை இல்லை என்று அந்த ஊரில் யாராவது சொல்வார்களா?

விதியின் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. அது பட்டியலைப் பார்க்கிறது, மைதானத்தைப் பார்ப்பதில்லை. எட்டு உள்ளூர்ப் பெயர்கள் இருந்தால் போதும், அவர்கள் ஒரு நிமிடம்கூட ஆட வேண்டியதில்லை. மான்செஸ்டர் சிட்டியில் ஸ்காட் கார்சன் ஆறு சீசன்கள் மூன்றாவது கோல்கீப்பராக இருந்தார். அவர் நல்ல கோல்கீப்பர், டிரஸ்ஸிங் ரூமில் மதிக்கப்பட்டவர். ஆனால் அத்தனை ஆண்டுகளில் அவர் ஆடியது இரண்டே ஆட்டங்கள். விதியின் கண்ணில் அவரும் வாரம் தவறாமல் ஆடிய ஃபில் ஃபோடனும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் செல்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முழு விவாதமும் அந்த ஒரே கிளப்பில் நடந்து முடிந்திருக்கிறது. 1999 டிசம்பர் 26 அன்று சவுத்தாம்ப்டனில் இங்கிலாந்து லீக் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு பிரிட்டிஷ் வீரர்கூட இல்லாத பதினொரு பேரை இறக்கியது செல்சி. பிறகு அகாடமியில் பணத்தைக் கொட்டினார்கள். இளையோர் கோப்பைகளை வரிசையாக வென்றார்கள். வென்ற பையன்களை என்ன செய்தார்கள்? லோனில், அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புக்கு ஆட, அனுப்பினார்கள். ஒரு கட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் வேறு வேறு கிளப்புகளில் லோனில் இருந்தார்கள். ஒரு வருடம் ஒரு ஊர், அடுத்த வருடம் வேறு நாடு, கடைசியில் விற்பனை.

2019-ல் சிறுவயது வீரர்களைச் சேர்த்ததில் விதிமீறல் என்று ஃபிஃபா செல்சிக்கு டிரான்ஸ்ஃபர் தடை விதித்தது. கோடையில் ஆள் வாங்க முடியாது. புதிதாக வந்த மேனேஜர் ஃப்ராங்க் லாம்பார்டுக்கு வேறு வழி இல்லை, கையில் இருந்த பையன்களை ஆட வைத்தார்: மேசன் மௌன்ட், டாமி ஆப்ரஹாம், ஃபிகாயோ டொமோரி, ரீஸ் ஜேம்ஸ். எல்லோரும் ஆறேழு வயதில் கிளப்புக்கு வந்தவர்கள். டொமோரி பிறந்தது கனடாவில், அது வேறு விஷயம். அந்த சீசனில் செல்சி நான்காவது இடம், ஆப்ரஹாம் லீக்கில் மட்டும் பதினைந்து கோல். தடைக்கு முன்பும் இந்தப் பையன்கள் இதே திறமையோடுதான் இருந்தார்கள். கடை மூடியிருந்தபோதுதான் அவர்கள் கண்ணில் பட்டார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து போர்ட்டோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக. 42-வது நிமிடம். மௌன்ட் தன் பாதியில் இடது பக்கம் பந்தை வாங்கித் திரும்புகிறார். முன்னால் வெர்னர் ஒரு பக்கமாக ஓடி தடுப்பு வீரரை இழுத்துக்கொண்டு போகிறார். நடுவில் ஒரு சந்து திறக்கிறது. மௌன்ட் அடித்த பந்து அந்தச் சந்து வழியாக நேராக ஹாவர்ட்ஸின் ஓட்டத்தில் போய் விழுகிறது. ஹாவர்ட்ஸ் கோல்கீப்பர் எடர்சனைத் தாண்டி உள்ளே தள்ளுகிறார். ஆட்டத்தில் அந்த ஒரு கோல்தான். கொடுத்தவர் அகாடமிப் பையன், இடம் திறந்தவரும் அடித்தவரும் பெரும் விலைக்கு வாங்கிய ஜெர்மானியர்கள். வலது பக்கம் ஸ்டெர்லிங்கை நகர விடாமல் வைத்திருந்தது ரீஸ் ஜேம்ஸ். நான் விரும்பும் கிளப் அணி இதுதான்.

2023-ல் மௌன்ட்டை விற்றுவிட்டார்கள். அதற்கு முன்பே டொமோரி மிலானுக்கும் ஆப்ரஹாம் ரோமாவுக்கும் போயாச்சு. 2024-ல் இன்னோர் அகாடமிப் பையன் கானர் கேலகர் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு. முந்தைய சீசன் முழுக்க ஆடி, கேப்டன் ஜேம்ஸ் காயத்தில் இருந்தபோது பல ஆட்டங்களில் கேப்டன் பட்டையையும் கட்டியவர் அவர்.

மௌன்ட்டின் ஒப்பந்தத்தில் ஒரு வருடம்தான் மிச்சம் இருந்தது என்பார்கள். உண்மைதான், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வீரரை ஐந்து வருட ஒப்பந்தத்தில் 50 மில்லியன் பவுண்டுக்கு வாங்கினால், புத்தகத்தில் வருடத்துக்குப் பத்துப் பத்தாகச் செலவு எழுதுவார்கள். இரண்டு வருடம் கழித்து 40-க்கு விற்றால் லாபம் பத்துதான், ஏனென்றால் முப்பது இன்னும் பாக்கி. அகாடமிப் பையனுக்கு வாங்கிய விலையே கிடையாது. அவனை 40-க்கு விற்றால் நாற்பதும் அந்த வருட லாபம். நஷ்டத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கும் விதிகளுக்குள் கணக்கைக் காட்ட வேண்டிய கிளப்புக்கு இதைவிட வசதி எது? கிளப்பை நேசிக்கும் பையன்தான் கணக்கில் முதலில் விற்க வேண்டிய சரக்காகிறான். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம். ஒரு வெளிநாட்டு வீரரும் இதற்குக் காரணம் இல்லை.

ஸ்பெயினின் அத்லெட்டிக் பில்பாவோ மாதிரி இருக்கலாமே என்று கேட்பார்கள். பாஸ்க் பகுதியில் பிறந்தவர் அல்லது அங்கே ஆடி வளர்ந்தவர் மட்டும் என்று நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறார்கள். ஸ்பெயின் முதல் டிவிஷனிலிருந்து ஒருமுறைகூட இறங்காத மூன்று கிளப்புகளில் ஒன்று, மற்ற இரண்டும் ரியல் மாட்ரிட், பார்சிலோனா. 2024-ல் நாற்பது வருடம் கழித்து ஸ்பெயினின் உள்நாட்டுக் கோப்பையான கோப்பா டெல் ரே வென்றார்கள். அந்த அணியில் இருந்த இன்யாக்கி, நிக்கோ வில்லியம்ஸ் சகோதரர்களின் பெற்றோர் கானாவிலிருந்து வந்தவர்கள். அண்ணன் கானாவுக்கு ஆடுகிறார், தம்பி ஸ்பெயினுக்கு ஆடுகிறார், இருவரும் பில்பாவோவின் பிள்ளைகள். எனக்கு மிகவும் பிடித்த கிளப். ஆனால் அது அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட நெறி. விதியாக்கி எல்லோர் தலையிலும் கட்டினால் 1994-ன் பாஸ்போர்ட் கணக்குதான் திரும்ப வரும்.

சரி, பிறகு என்னதான் செய்வது? பட்டியலில் பெயர் இருப்பதற்குப் பதிலாக ஆடிய நிமிடங்களை எண்ணச் சொல்கிறேன். இது வெறும் ஆசையில்லை. ஆஸ்திரியாவில் உள்நாட்டு வீரர்களை ஆட வைக்கும் கிளப்புகளுக்கு லீக் பணத்தில் தனிப் பங்கு உண்டு. போலந்தில் இளம் உள்நாட்டு வீரர்கள் ஆடும் நிமிடங்களை வைத்து கிளப்புகளுக்குப் பரிசுத் தொகை கொடுக்கிறார்கள். அங்கே பாஸ்போர்ட் பார்க்கிறார்கள். அதை எடுத்துவிட்டு, கிளப்பே வளர்த்த, இருபத்துமூன்று வயதுக்குட்பட்ட யாராக இருந்தாலும் சரி என்று வைத்தால் போதும். பெரிய லீக்குகளின் டிவி பணத்தில் ஒரு சிறு பங்கை இப்படிப் பிரித்தாலே மேனேஜர்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதோடு அகாடமிப் பையனை விற்ற பணம் முழுவதையும் அதே வருட லாபமாகக் காட்டும் வசதியை நிறுத்தி, அதையும் சில வருடங்களுக்குப் பிரித்து எழுதச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் எந்த வெளிநாட்டு வீரரையும் வெளியே நிறுத்தத் தேவையில்லை.