கேப்பில் இடமில்லை என்பது காரணமா, சாக்கா?

கேள்வி: டாலஸ் பக்கத்தில் இர்விங்கில் எட்டு வருடமாக இருக்கிறோம். மகனைப் பார்த்து எனக்கும் என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் பைத்தியம் தொற்றிக்கொண்டது. 2025 ஆகஸ்டில் எங்கள் டாலஸ் கவ்பாய்ஸ் டீம் தன் தடுப்பு அணியின் நட்சத்திரம் மைக்கா பார்சன்ஸை கிரீன் பே பேக்கர்ஸுக்குக் கொடுத்ததிலிருந்து வீட்டில் ஓயாத வாக்குவாதம். "கேப்பில் (சம்பள வரம்பில்) இடமில்லை, அவர்கள் என்னதான் செய்வார்கள்?" என்கிறேன் நான். "கேப் எல்லாம் சும்மா, நினைத்தால் யாரையும் வைத்துக்கொள்ளலாம்" என்கிறான் அவன். யார் சொல்வது சரி? ஒரு டீம் ஆளை எடுப்பதும் விடுவதும் நல்ல முடிவா இல்லையா என்று எப்படிக் கணிப்பது?

பதில்: உங்கள் மகன் சொல்வதில் முக்கால்வாசி சரி. மிச்சமிருக்கும் கால்வாசியில்தான் டீம்கள் போய் மாட்டிக்கொள்கின்றன.

கேப் என்பது ஒரு வருடத்தில் ஒரு டீம் தன் வீரர்களின் பேரில் கணக்கில் ஏற்றக்கூடிய உச்சத் தொகை. 1994இல் தொடங்கியபோது அது 34.6 மில்லியன் டாலர். 2025இல் 279.2 மில்லியன். கொரோனாவால் அரங்குகள் காலியாகக் கிடந்ததில் 2021இல் 182.5க்கு இறங்கியது, அதன்பின் ஏறுமுகம்தான். 32 டீமுக்கும் ஒரே வரம்பு. போன வருடம் மிச்சம் பிடித்ததை இந்த வருடத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

கையில் கொடுக்கும் பணம் வேறு, கேப்பில் ஏறும் கணக்கு வேறு. ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. அங்கே ரிஷப் பந்த்துக்கு 27 கோடி என்றால் டீமின் பையிலிருந்து 27 கோடி போயிற்று, அவ்வளவுதான். என்எஃப்எல்லில் கையெழுத்து போனஸாகக் கொடுக்கும் தொகையை ஐந்து வருடம் வரை சமமாகப் பிரித்து எழுதலாம். வித்தை முழுக்க இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு இந்த வருடச் சம்பளம் 21 மில்லியன், ஒப்பந்தம் இன்னும் ஐந்து வருடம் ஓடும். டீம் அவரிடம் 1 மில்லியனைச் சம்பளமாக வைத்துக்கொண்டு மீதி 20 மில்லியனை இன்றே போனஸாகக் கொடுத்துவிடுகிறது. வீரருக்கு நஷ்டமே இல்லை. வார வாரம் வரவேண்டியது மொத்தமாக வந்துவிட்டது. டீமின் கணக்கில் 20ஐ ஐந்தாகப் பிரித்து வருடத்துக்கு 4. ஆக இந்த வருடம் ஏறுவது 5 மில்லியன்தான். 16 மில்லியன் இடம் முளைத்துவிட்டது. அடுத்த நான்கு வருடமும் தலா 4 மில்லியன் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஊரில் சீட்டுப் போட்டவர்களுக்கு இது புதிதல்ல. முதல் மாதமே சீட்டை எடுத்துவிட்டால் கையில் பணம் வரும், ஆனால் கடைசி மாதம் வரை தவணை கட்டியாக வேண்டும். ஒரு வித்தியாசம், இங்கே முன்னால் எடுத்ததற்குத் தள்ளுபடி கிடையாது, வட்டியும் கிடையாது. கேப் வேறு ஏறிக்கொண்டே போவதால் தவணையின் கனமும் குறைகிறது. அதே 4 மில்லியன் 2021 வரம்பில் 2.2 சதவீதம், 2025 வரம்பில் 1.4 சதவீதம். இவ்வளவு மலிவான கடன் வேறெங்கே கிடைக்கும்? அதனால்தான் எல்லா டீமும் வாங்குகிறது. கவ்பாய்ஸும் வாங்கியது. 2025 மார்ச்சில் தங்கள் நட்சத்திர வீரர்கள் டாக் பிரெஸ்காட், சீடீ லேம்ப் இருவரின் ஒப்பந்தங்களை இதே முறையில் மாற்றி எழுதியே சுமார் 56 மில்லியன் இடத்தை உண்டாக்கினார்கள். மார்ச்சில் அப்படிச் செய்த டீமைப் பார்த்து ஆகஸ்டில் "இடமில்லை, பாவம்" என்று சொல்ல என்னால் முடியவில்லை.

உங்களுக்காக இன்னொரு எண். பார்சன்ஸ் டாலஸிலேயே இருந்து ஐந்தாம் வருட ஆப்ஷனில் (புதுமுக ஒப்பந்தத்தை டீம் விரும்பினால் நீட்டும் ஒரு வருடத்தில்) ஆடியிருந்தால் 2025 கேப்பில் 24 மில்லியன் ஏறியிருக்கும். பேக்கர்ஸ் அவருக்கு நான்கு வருடத்துக்கு 188 மில்லியன் கொடுத்தது. குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) அல்லாத எவரும் அதற்குமுன் அந்தச் சம்பளம் வாங்கியதில்லை. ஆனால் 2025இல் பேக்கர்ஸ் கேப்பில் ஏறியது 10 மில்லியனுக்குள். போனஸைப் பிரித்து எழுதும் அந்த வித்தைதான். ஆக, அந்த ஒரு வருடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், சாதனைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வதுதான் கேப்பில் இடத்தைக் கூட்டியிருக்கும்! கேப் அவரை வெளியே தள்ளவில்லை. வாக்குவாதத்தின் இந்தப் பாதியை மகனுக்குக் கொடுத்துவிடுங்கள்.

சரி, அந்தக் கால்வாசி எங்கே? ஆள் போகும்போது வருகிறது. பிரித்து எழுதிய போனஸில் இன்னும் கணக்கில் ஏறாத பங்கெல்லாம், அவரை விடுவித்தால் ஒரே அடியாக வந்து விழும். ஜூன் 1க்குப் பின் விடுவித்தால் இந்த வருடப் பங்கு இந்த வருடத்திலும் மிச்சமெல்லாம் அடுத்த வருடத்திலும் விழும். இதைத்தான் டெட் மனி என்கிறார்கள். ஆள் இல்லை, கணக்கு மட்டும் இருக்கிறது.

இதற்கு டென்வர் ப்ராங்கோஸைவிட நல்ல பாடம் கிடையாது. 2022 மார்ச்சில் இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளோடு (டிராஃப்ட் என்பது டீம்கள் புதுமுகங்களை வரிசைப்படி தேர்ந்தெடுப்பது) மூன்று வீரர்களையும் சியாட்டிலுக்குக் கொடுத்து குவார்ட்டர்பேக் ரஸல் வில்சனை வாங்கினார்கள். அந்த செப்டம்பரில், டென்வருக்காக அவர் ஒரு சீசன் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, ஐந்து வருட நீட்டிப்பாகச் சுமார் 245 மில்லியன் எழுதிக் கொடுத்தார்கள். பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தது. அவசரமே இல்லை. 2024 மார்ச்சில் அவரை விட்டபோது டெட் மனி 85 மில்லியன். 2024இல் 53, 2025இல் 32 என்று இரண்டு வருடத்தில் ஏற்றினார்கள். பிட்ஸ்பர்க் அவரைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ள, அவருடைய 2024 சம்பளத்தில் பெரும்பகுதியை டென்வரே கட்டியது.

அதே 2024இல் ப்ராங்கோஸ் 10 வெற்றி, 7 தோல்வியோடு பிளேஆஃப் போனது. காரணம், 12ஆவது இடத்தில் டிராஃப்ட் செய்த புதுமுக குவார்ட்டர்பேக் போ நிக்ஸ். நான்கு வருடத்துக்கு மொத்தமாகவே சுமார் 18.6 மில்லியன்தான் அவருக்கு. 2011க்குப் பின் புதுமுகங்களின் சம்பளம் டிராஃப்ட் வரிசைப்படி முன்கூட்டியே நிர்ணயமாகிவிடுகிறது. நல்ல குவார்ட்டர்பேக் ஒருவர் அந்தச் சம்பளத்தில் கிடைத்துவிட்டால் எப்பேர்ப்பட்ட தவற்றையும் தாங்கலாம். அப்படி ஒருவர் இல்லாதபோது 53 மில்லியன் டெட் மனி இருந்தால் அந்த வருடம் போனதுதான். ஆக, ஒரு டீமின் கேப் நிலைமையைப் பார்க்கும்போது முதலில் அவர்களுடைய குவார்ட்டர்பேக் எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறார் என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இப்போது டாலஸின் உண்மையான தவற்றுக்கு வருகிறேன். என் கணிப்பில் அது காலத்தைக் கடத்தியது.

பார்சன்ஸ் 2021 டிராஃப்டில் 12ஆவது இடத்தில் வந்தவர். முதல் நான்கு சீசனிலும் ஒவ்வொன்றிலும் குறைந்தது 12 சாக் (எறியுமுன் குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது), மொத்தம் 52.5. மூன்றாவது சீசன் முடிந்ததும், அதாவது 2024 தொடக்கத்திலேயே, அவரோடு புது ஒப்பந்தம் பேச விதி இடம் கொடுத்தது. அன்றைக்கு எட்ஜ் வீரர்களில் (பார்சன்ஸைப் போல ஓரத்திலிருந்து பாய்ந்து குவார்ட்டர்பேக்கை விரட்டுபவர்களில்) உச்சச் சம்பளம் நிக் போசாவுடையது, வருடத்துக்கு 34 மில்லியன். டாலஸ் காத்திருந்தது. 2025 மார்ச்சில் மேக்ஸ் கிராஸ்பி 35.5, அதே மாதம் மைல்ஸ் கேரட் 40, ஜூலையில் டி.ஜே. வாட் 41. ஆகஸ்டில் பேக்கர்ஸ் பார்சன்ஸுக்குக் கொடுத்தது 47. ஒன்றரை வருடத்தில் வருடத்துக்கு 13 மில்லியன் ஏறிவிட்டது. அதற்கிடையில் வீரருக்கும் உரிமையாளர் ஜெரி ஜோன்ஸுக்கும் நடுவே வெளிப்படையான கசப்பு வேறு.

குவார்ட்டர்பேக் பிரெஸ்காட் விஷயத்திலும் இதே பழக்கம்தான். 2024 சீசனின் முதல் ஆட்டத்தன்று காலையில் வருடத்துக்கு 60 மில்லியன் என்று கையெழுத்தானது. மறுபக்கம் பிலடெல்பியா ஈகிள்ஸைப் பாருங்கள். பொது மேலாளர் ஹவி ரோஸ்மன் 2023 ஏப்ரலிலேயே தங்கள் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸுக்கு வருடத்துக்கு 51 மில்லியன் என்று முடித்துவிட்டார். மற்ற டீம்களின் குவார்ட்டர்பேக்குகளில், சில நாளில் லமார் ஜாக்சன் 52, ஜூலையில் ஜஸ்டின் ஹெர்பர்ட் 52.5, செப்டம்பரில் ஜோ பரோ 55. ஏப்ரலில் "இவ்வளவா!" என்று கேட்ட விலை செப்டம்பரில் சல்லிசாகிவிட்டது. நல்ல இளம் வீரருக்குச் சீக்கிரம் கொடுப்பது கேப்பைப் பொறுத்தவரை ஒரு சேமிப்பு. இதை ரசிகர்கள் அநேகமாகக் கவனிப்பதே இல்லை. கையெழுத்தான தொகையைப் பார்க்கிறோம், தேதியைப் பார்ப்பதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2025 டிசம்பரில் டென்வர் ஆட்டத்தில் பார்சன்ஸுக்கு முழங்காலில் ஏசிஎல் தசைநார் கிழிந்தது. "பார்த்தீர்களா, டாலஸ் செய்ததுதான் சரி" என்று சிலர் சொன்னது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அந்தக் காயம் ஆகஸ்டில் யாருக்கும் தெரியாது. முடிவெடுத்த அன்று கையில் என்ன தகவல் இருந்ததோ அதை வைத்துத்தான் முடிவை எடை போட வேண்டும். அதே அளவுகோலில், அந்த சீசனில் டாலஸின் தடுப்பு அணி புள்ளிகளை வாரிக் கொடுத்ததையும் மட்டும் காட்டி "தவறு நிரூபணமாகிவிட்டது" என்று சொல்லக்கூடாது. நீங்களும் மகனும் இந்த ஒன்றில் ஒத்துப்போனாலே வீட்டில் பாதிச் சண்டை தீரும்.

முடிவெடுத்த நாளில் நின்று கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது தப்பாகப் போனால் எவ்வளவு போகும்? 2024இல் ஈகிள்ஸ், பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லியை மூன்று வருடம், 37.75 மில்லியனுக்கு எடுத்தது. ரன்னிங் பேக்குக்கு இவ்வளவா என்று பலர் முகம் சுளித்தார்கள். அவர் அந்த சீசனில் 2,005 யார்டு ஓடினார், இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் வெற்றியும் கிடைத்தது. அவர் சறுக்கியிருந்தால்கூட டீம் தாங்கியிருக்கும். சராசரியாக வருடத்துக்குக் கேப்பில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. 2022இல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனுக்காக மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து, 230 மில்லியனையும் ஒரு டாலர் விடாமல் உத்தரவாதமாக எழுதியது. அவர் சறுக்கினார்; டீம் வருடக்கணக்கில் எழுந்திருக்க முடியவில்லை. எந்த வருடத்தில் எவ்வளவு விலை கொடுத்து வெளியேறலாம் என்ற கேள்விக்கு அந்த ஒப்பந்தத்தில் பதிலே இல்லை. வாட்சன் ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே தவறு என்று சொல்ல முடிந்தது அதனால்தான்.

பெரிய பெயர்களை விட்டுக் கீழ்ப்பட்டியலுக்கு வந்தால், ஆகஸ்ட் கடைசியில் 90 பேரை 53 ஆகக் குறைக்கும் நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் வரும் பட்டியலைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். நான்கு வருட அனுபவம் உள்ள ஒருவரை அன்று விடுவித்தால் அவர் வேவர் (விடுவிக்கப்பட்டவரை மற்ற டீம்கள் உரிமை கோரும் முறை) வழியாகப் போக வேண்டியதில்லை. வேறு டீம் அவரைத் தானாகப் பிடித்துக்கொள்ள முடியாது. அதனால் அவரோடு பேசிவைத்துக்கொண்டு விடுவித்து, காயமடைந்த ஒருவரைத் தனிப்பட்டியலுக்கு மாற்றிவிட்டு, மறுநாள் திரும்பக் கையெழுத்து வாங்குவது வழக்கம். இளம் வீரருக்கு அந்த வசதி கிடையாது; விட்டால் இன்னொரு டீம் தூக்கிவிடும். பட்டியலை இரண்டு நாள் கழித்துப் பாருங்கள், பயிற்சிக் குழுவில் சேர்ந்த 16 பேரையும் சேர்த்து.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஓவர் தி கேப் அல்லது ஸ்பாட்ராக் தளத்தில் பிரெஸ்காட்டின் பக்கத்தைத் திறந்து மகனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் கேப் தொகை என்று ஒரு எண், டெட் மனி என்று இன்னொரு எண் இருக்கும். டெட் மனி கேப் தொகையைவிடப் பெரிதாக இருக்கும் வருடங்களில் அவரை அனுப்பவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வருடத்தில் அது நன்றாகச் சிறுத்துப்போகிறதோ, அந்த வருடத்தில்தான் டீமுக்குக் கதவு திறக்கிறது. ஒப்பந்தம் எத்தனை வருடம் என்று செய்தியில் என்ன போட்டிருந்தாலும் உண்மையான நீளம் அதுவரைதான். பிரெஸ்காட்டுக்கு அந்த வருடம் எது, அப்போது அவருக்கு வயது என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். பேக்கர்ஸ் பக்கம் போய்ப் பார்சன்ஸுக்கும் அதையே பாருங்கள்.

பார்சன்ஸ் பேரத்தை எடை போடும்போது ஒன்று விட்டுப்போகக் கூடாது. டாலஸுக்கு வந்தது தடுப்பு வீரர் கென்னி கிளார்க்கும் 2026, 2027 முதல் சுற்று வாய்ப்புகளும். அதே 2025 நவம்பரில் 2027க்கான முதல் சுற்று வாய்ப்பு ஒன்றையும் 2026 இரண்டாம் சுற்று வாய்ப்பையும் மாஸி ஸ்மித்தையும் நியூயார்க் ஜெட்ஸுக்குக் கொடுத்து இன்னொரு தடுப்பு வீரர் குவின்னன் வில்லியம்ஸை வாங்கினார்கள். ஆகவே உங்கள் தாளில் ஒரு பக்கம் பார்சன்ஸும் 47 மில்லியனும் என்று எழுதினால், மறுபக்கம் கிளார்க், வில்லியம்ஸ் இருவரின் சம்பளத்தையும், 2026 முதல் சுற்றில் வந்தவரின் பெயரையும் எழுத வேண்டும். மகனிடம் அந்தக் கூட்டலைப் போடச் சொல்லுங்கள்.