11 வருட அனுபவம் இருந்தால் ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்ய முடியுமா?

தம்பி, சிவில் டிப்ளமோ முடித்து, ஆர்க்கிடெக்ட் ஆபீசில் 11 வருடம் வரைபடம் போட்ட அனுபவத்தை வைத்து கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை, 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்டுகள் சட்டம் அப்படி. அது வந்த புதிதில், ஏற்கெனவே 5 வருடம் தொழில் செய்துகொண்டிருந்தவர்களைப் பட்டம் இல்லாமலும் முதல் பதிவேட்டில் சேர்த்தார்கள். அந்தக் கதவு அப்போதே மூடிவிட்டது. இன்று அங்கீகாரம் பெற்ற பி.ஆர்க். என்ற ஆர்க்கிடெக்சர் பட்டம் வேண்டும்.

முதலில் அந்த விசிட்டிங் கார்டை மாற்றுங்கள். பெயருக்குக் கீழே ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டிருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தின் 37ஆம் பிரிவு தடுப்பது அதைத்தான். கட்டட வடிவமைப்பு வேலையே செய்யக்கூடாது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை, பட்டப்பெயரைத்தான் காக்கிறது என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதனால் ‘கட்டட வரைபடம், மதிப்பீடு’ என்று போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், கணிதம் படித்த டிப்ளமோக்காரர்கள் நாட்டா என்ற நுழைவுத் தேர்வை எழுதி பி.ஆர்க். சேரலாம். 5 வருடம், முழுநேரம். குடும்பத்தோடு அது கஷ்டம், தெரியும். ஆனால் என் வகுப்பில் உங்களைப் போல ஒரு அண்ணன் இருந்தார். நாங்கள் மாடிப்படியின் ஏற்ற உயரத்தைக் கணக்குப் போட்டுத் திணறும்போது, அவர் தரையில் சாக்பீஸால் படியை முழு அளவில் வரைந்து, காலை வைத்துக் காட்டுவார். இன்று அவரும் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட்.

டிப்ளமோவில் கணிதம் இருந்ததா, மொத்த மதிப்பெண் எவ்வளவு? எழுதுங்கள், தகுதி வருகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.